இளமகனும் ஆநிரைக் காவலும்: எடுத்தனூர் நடுகல்லும் திருவொற்றியூர்க் கல்வெட்டுகளும்

முன்னுரை

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. ஆநிரையே செல்வமாக விளங்கிய காலத்தில், அதனைக் கவர்தலும் காத்தலும் மீட்டலும் ஆடவரின் முதற்கடன்களாகக் கருதப்பட்டன. போர்ப் பயிற்சி முற்றுப்பெறாத இளைஞன் ஒருவன் தன் ஆண்மையை முதன்முதல் நிலைநாட்டிய இடம் பெரும்பாலும் அரசர் பொருத பெருங்களம் அன்று; ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலமே ஆகும். இவ்விளைஞனைப் பற்றி நம் இலக்கியங்கள் கூறுவன பல. கற்கள் கூறுவனவோ சிலவே. எனினும், அச்சில சொற்கள் இலக்கியம் காட்டாத ஓர் உண்மையைக் காட்டுகின்றன. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன்பொருட்டுத் தொண்டைநாட்டின் இரு முனைகளை எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று, மேற்கே மலைகள் சூழ்ந்த செங்கம் பகுதி, நடுகற்கள் மிக்கது. மற்றொன்று, கிழக்கே கடலோரத்துத் திருவொற்றியூர். கோயிற் கல்வெட்டுகள் மிக்கது. முன்னதில் காவலன் உயிர்விட்ட செய்தி உண்டு. பின்னதில் காவலன் உயிரோடிருந்து ஆற்றிய கடமை உண்டு. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி ஆநிரைக் காவலின் வரலாறு நிறைவு பெறாது என்பது எம் கருத்து.

பிறநாட்டுக் கதையும் நம் நாட்டு வழக்கும்

இளைஞன் ஒருவன் கால்நடைக் கள்வரை எதிர்த்துத் தன் திறம் காட்டுதல் பிறநாட்டார்க்கும் உவப்பான கதைப்பொருளே. அமெரிக்க நாட்டின் மேற்குப் புலத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருமந்தைகளை ஓட்டிச் சென்ற மாட்டிடையரைப் பற்றி எண்ணற்ற கதைகள் எழுந்தன. 1902இல் ஓவன் விசுட்டர் வெளியிட்ட ‘வர்சீனியன்’ என்னும் புதினம் அவற்றிற்கு வழிகாட்டியாய் அமைந்தது. கீழ்ப்புல நகரத்தினின்றும் மாட்டுப்பண்ணைக்கு விருந்தினனாக வந்த, ஒன்றும் அறியாத ஒருவன் கதை சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. மாடு திருடுவாரும் அதில் வருகின்றனர். 1972இல் வெளிவந்த ‘கங்கா’ போன்ற திரைப்படங்களின் வழியே இச்சாயல் தமிழ் மக்களிடையேயும் பரவிற்று.

அக்கதைகளின் அமைப்பில் இரண்டு கூறுகள் பெரும்பாலும் காணப்படும். கவர்வோர் சட்டத்திற்குப் புறம்பான கொள்ளையர் ஆவர். இளைஞன் இறுதியில் வென்று உயிரோடு நிற்பான். தமிழ் வழக்கில் இவ்விரண்டும் இவ்வாறே அமைவதில்லை. கவர்வோன் யார் என்பது சொல்வோர் நிற்கும் பக்கத்தைப் பொறுத்தது. கல்லோ வென்றவனுக்கு எழுவதன்று, பட்டவனுக்கே எழுவது.

இலக்கணமும் இலக்கியமும்

தொல்காப்பியர் ஆநிரை கோடலை வெட்சித்திணையுள் அடக்கினார். வேந்தன் ஏவலால் சென்ற மறவர் பகைவர் நாட்டு நிரையைக் கவர்ந்து வந்து காத்தல் அவர் கருத்துப்படி ஒரு போர்முறை. களவாயினும் அது பழிக்கத்தக்க களவன்று. நிரை மீட்டலையும் அவர் அத்திணையுள்ளேயே வைத்தார். பிற்காலத்து ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. கவர்தலையும் மீட்டலையும் ஒரே செயலின் இரு முகங்களாகக் கண்ட பழைய நோக்கு, காலப்போக்கில் இரு வேறு ஒழுக்கங்களாகப் பிரித்துக் காணும் நோக்காக மாறியமை ஈண்டு அறியத்தக்கது.

இலக்கியத்துள் இளைஞனின் முதற்போரைக் காட்டுவனவற்றுள் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்று 279ஆம் பாட்டு தலையாயது. ஒருத்தியின் உறவினன் ஒருவன் முன்னொரு நாள் யானையை வீழ்த்திக் களத்தில் மாய்ந்தான். நேற்று நிகழ்ந்த பூசலில் அவள் கணவன் பெருநிரையை விலக்கி மாண்டான். இன்றும் பறை ஒலிக்கின்றது. அவளுக்கு எஞ்சியிருப்பவன் ஒரே மகன். அவன் தலைக்கு எண்ணெய் நீவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேல் கொடுத்து அவனைச் செருமுகம் நோக்கி விடுக்கின்றாள். தாயின் துணிவை வியத்தலே பாட்டின் கருத்து. ஆயின் நாம் ஒன்றை வினவலாம்: அவ்விளைஞன் என்ன ஆனான்? பாட்டு அதனைக் கூறவில்லை. போர் தெரியாத சிறுவன் வாயிலைக் கடந்து செல்வதோடு பாட்டு நின்றுவிடுகின்றது. அவன் சென்றடைந்த இடத்தைக் காட்டுவன நடுகற்களே.

உயிரிழப்பு இல்லாமலும் ஆயர்குல இளைஞர் தம் திறத்தை மெய்ப்பித்தனர் என்பதற்குக் கலித்தொகையின் முல்லைக்கலி சான்று. அங்கே ஏறு தழுவியவன் பெண்ணைப் பெறுகின்றான். ஊரார் கண்டு மகிழ்கின்றனர். ஏறு தழுவல் விழாவில் நிகழ்வது. நிரை காத்தலோ முன்னறிவிப்பின்றி வருவது. அதனைக் கண்டு மதிப்பிடுவார் அருகில் இருப்பதும் அரிது.

நடுகற்கள் தரும் செய்தி

தமிழகத்தின் பழமையான நடுகற்கள் சில 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்டன. தமிழ்ப் பிராமி எழுத்தால் பொறிக்கப்பட்ட அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட அந்தவன் என்பானைக் குறிப்பது. தொல்காப்பியத்துள் பயிலும் ‘ஆகோள்’ என்னும் சொல், கல்லிலும் அவ்வாறே நிற்கக் கண்டமை அறிஞர் உலகிற்கு உவகை அளித்தது. இலக்கண நூலார் கூறிய வழக்கு ஏட்டில் மட்டும் வாழ்ந்த கற்பனை அன்று என்பது இதனால் வலியுறுத்தப்பெற்றது.

எண்ணிக்கையிலும் செய்தி வளத்திலும் சிறந்தவை செங்கம் பகுதி நடுகற்கள். தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை இவற்றை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. இவற்றில் கால்நடைக் கூட்டம் ‘தொறு’ எனப்படுகின்றது. தொறுவை மீட்டுப் பட்டானுக்கும் கல் உண்டு. தொறுவைக் கொண்டு பட்டானுக்கும் கல் உண்டு. இரு சாராரும் தத்தம் ஊரில் வீரரே. அரசன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன் பெயர், பட்டவன் பெயர், பட்ட காரணம் என்னும் முறையில் இவற்றின் வாசகம் பெரும்பாலும் அமையும். அழகுரையோ புகழுரையோ இல்லை. ஊரார் கூடி எடுத்த சாட்சிப் பத்திரம் போன்றவை இவை.

எடுத்தனூர்க் கல்

இவ்வகையுள் எம் ஆய்வுக்கு மிகவும் பொருந்துவது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியை ஒட்டி, எழுந்தது இது. வாண அரசரின் மருமகனாராகிய பொற்றொக்கையார் என்பவரின் இளமகன் கருந்தேவக்கத்தி என்பான், எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலில் பட்டான் என்பது செய்தி. அவன் உருவத்தின் அருகே நாய் ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே பொறித்துள்ளனர்.

இச்சிறிய வாசகத்துள் மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, ‘இளமகன்’ என்னும் சொல். இது இளமைப் பருவத்தை மட்டும் குறிப்பதன்று. சங்க நூல்களில் தலைவனைச் சூழ்ந்து நின்று ஏவல் செய்வாரை ‘இளையர்’ என்பர். அவ்வாறே இளமகன் என்பானும் ஒரு தலைவனைச் சார்ந்து வாழும் இளம் வீரன். அவன் இளமை வயதால் அமைந்தது. அதனினும் மிகுதியாகப் படிநிலையால் அமைந்தது. கல்லின் வாசகத்தையே நோக்குக. மேலே பல்லவப் பேரரசன், அவன்கீழ் வாண அரசர், அவர்கீழ்ப் பொற்றொக்கையார், அவர்கீழ்க் கருந்தேவக்கத்தி, அவனுக்கும் கீழே நாய். ஐந்து படிகளில் நான்காம் படியில் நிற்பவன் இவன். உயிரோடிருந்த காலத்தில் ஆவணங்களில் இடம்பெறும் தகுதி இவனுக்கு இருந்திராது. இறந்தமையாலேயே பேரரசனின் பெயர் பொறித்த கல்லில் இவன் பெயரும் ஏறிற்று. இளமகன் தன்னை மெய்ப்பித்தல் என்பதன் விலை இதுவே.

இரண்டாவது, ‘கள்ளன்’ என்னும் சொல். இலக்கணத்தார் வெட்சி மறவர் என்று சிறப்பிக்கும் நிரைகவர்வோர், காத்து நின்றவனின் கல்லில் வெறுங்கள்ளராகின்றனர். வேந்தன் ஏவலால் வந்தாரோ தம் விருப்பால் வந்தாரோ, இழந்த ஊரார்க்கு அவர் கள்வரே. கொள்ளையனும் வீரனும் என்னும் பாகுபாடு செயலால் அமைவதினும் கல்லை எடுப்பார் நிலையால் அமைவது என்பதனை இச்சொல் தெளிவாக்குகின்றது.

மூன்றாவது, நாய். காவற்கடமை முடியும்வரை நின்றது என்பதே அதற்குக் கூறப்பட்ட சிறப்பு. வெற்றி பெற்றது என்று கூறவில்லை. கள்ளரைக் கொன்றது என்றும் கூறவில்லை. கடித்தது, காத்து நின்றது என்பதோடு வாசகம் அமைகின்றது. மனிதனுக்கும் விலங்குக்கும் ஒரே அளவுகோல் கொண்டு மதிப்பிட்ட நேர்மை இதனுள் உள்ளது. காக்க வைத்த இடத்தினின்றும் பெயராது நின்றனவா என்பதே அவ்வளவுகோல்.

கடலோரத்துக் காவல்

செங்கத்து மலைகளினின்றும் கிழக்கே கடற்கரையை நோக்கி வந்தால், அதே தொண்டைநாட்டின் புழற்கோட்டத்துள் திருவொற்றியூரை அடைகின்றோம். இன்று இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகமும் தொழிற்சாலைகளும் சரக்குந்துகளும் நிறைந்த நிலப்பகுதியின் நடுவே ஆதிபுரீசுவரர் கோயில் நிற்கின்றது. பல்லவர், சோழர், இராட்டிரகூடர், விசயநகரத்தார் எனப் பல்வேறு அரசர் காலத்துக் கல்வெட்டுகள் இங்கு உள்ளன. முதலாம் பராந்தகன் காலத்தில் சீட்புலியை வென்று நெல்லூரை அழித்து மீண்ட செம்பியன் சோழியவரையன் என்னும் படைத்தலைவன், திரும்பும் வழியில் இவ்விறைவனுக்குக் கொடை அளித்தமையும் இங்குப் பொறிக்கப்பட்டுள்ளது.

இக்கல்வெட்டுகளுள் பல, நந்தாவிளக்கு எரிப்பதற்கு ஆடுகள் அளித்த செய்தியைக் கூறுவன. விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது சோழர்காலப் பெருவழக்கு. கோயில் அவற்றை இடையரிடம் ஒப்படைக்கும். கல்வெட்டுகள் இவரை மன்றாடி என்றும் குறிக்கும். ஆட்டின் பெருக்கம் இடையர்க்கு உரியது. நாள்தோறும் உரிய அளவு நெய் கோயிலுக்கு உரியது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் இம்முறை மிக விரிவாகக் காணப்படுகின்றது. அங்கே விளக்கு ஒன்றுக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 என வகுத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க விதித்தனர். நான்கு உழக்கு ஒரு நாழி ஆதலின், ஆண்டுக்கு ஏறக்குறைய 91 நாழி நெய் ஆகின்றது. ஆட்டுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நாழி என்னும் கணக்கு இது. இடையர் வாழவும் விளக்கு அணையாதிருக்கவும் ஏற்ற அளவாய் நுணுகி வகுத்துள்ளமை காண்க.

இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும். ஆடு சாவாதிருக்குமோ? மூவாதிருக்குமோ? எண்ணிக்கை என்றும் குறைதலாகாது என்பதே இதன் கருத்து. நோயால் இறந்தாலும், புலி கொன்றாலும், கள்வர் கவர்ந்தாலும் அவ்விழப்பு இடையரையே சாரும். நடுகல்லில் நாம் கண்ட கள்ளன் இங்கே மறைந்துபோகவில்லை. ‘சாவா மூவா’ என்னும் இரு சொற்களுள் அவன் ஒளிந்திருக்கின்றான். அவனை எதிர்த்து ஓர் இரவு பொருது மடிதல் எடுத்தனூர் இளமகனின் கடன். அவன் கொண்டு சென்றதை ஈடுசெய்து மறுநாளும் நெய் அளத்தல் இம்மன்றாடியின் கடன்.

இவ்விரு கற்களிலும் பெயர் ஏறும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. நடுகல்லில் முதன்மை பெறுவது காத்தவன் பெயர். விளக்குக் கல்வெட்டில் முதன்மை பெறுவது கொடுத்தவன் பெயர். ஆடு பெற்ற இடையர் பெயரையும் பிணை நின்ற உறவினர் பெயரையும் தஞ்சைக் கல்வெட்டுகள் நிரல்படத் தருகின்றன என்பது உண்மையே. ஆயினும் அது கடன்பட்டார் பட்டியலேயன்றிப் புகழ் பெற்றார் பட்டியல் அன்று.

களத்தில் இல்லாதவன்

காத்து இறந்தவனையும் காத்து வாழ்ந்தவனையும் கண்டோம். இறக்க வேண்டிய இடத்தில் இல்லாதுபோனவன் நிலை யாது? இவ்வினாவிற்கு விடையும் திருவொற்றியூரிலேயே கிடைக்கின்றது.

949இல் தக்கோலத்தில் நிகழ்ந்த பெரும்போரில் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேலிருந்தவாறே உயிர் துறந்தான். அப்போரில் அவனை வீழ்த்தியவன் கங்கர் குலத்துப் பூதுகன் என்பதைக் கன்னட நாட்டு ஆதகூர்க் கல் கூறுகின்றது. அக்கல்லின் மற்றொரு செய்தி நம் ஆய்வுக்கு நெருங்கியது. பூதுகனின் வீரனாகிய மணலேரன் தன் வீரத்திற்குப் பரிசாகக் காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் காட்டுப்பன்றியொடு பொருது, இரண்டும் மாய்ந்தன. நாயின் நினைவாகக் கல் எடுத்தனர். எடுத்தனூர்க் கோவிவனுக்குப் பின் மூன்று நூற்றாண்டு கடந்தும் உடன்நின்று மாய்ந்த விலங்கைப் போற்றும் வழக்கு மாறாதிருந்தமை இதனால் விளங்கும்.

இராசாதித்தனுக்கு அணுக்கனாய் இருந்தவன் கேரள நாட்டு வல்லபன் என்பான். தலைவன் மாய்ந்தபோது இவன் அருகில் இல்லை. தலைவனோடு மடியும் பேறு தனக்கு வாய்க்காமையைத் தன் பிறப்புக்கும் நட்புக்கும் இழுக்கென எண்ணினான். கங்கையாடித் துறவு பூண்டு, திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவிடம் நோன்பு ஏற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்துத் தலைவரானான். கன்னரதேவன் எனப்படும் மூன்றாம் கிருட்டிணனின் 20ஆம் ஆட்சியாண்டு வடமொழிக் கல்வெட்டு இதனைக் கூறுகின்றது. தன் தலைவனை வீழ்த்திய பகைவேந்தனின் ஆட்சியாண்டையே காலக்குறிப்பாக இட்டுத் தன் கதையை அவன் கல்லில் வைத்தான். அதிலும் அவன் தன் குறையை மறைக்கவில்லை. ‘யான் அங்கு இல்லை’ என்னும் பொருள்பட அமைந்த இத்தகைய கல் நம் நாட்டில் அரிது.

அவன் செய்தது யாது? ஊர்ச்சபையிடம் பொன் ஒப்படைத்து, அதன் வட்டியால் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நிகழ வழிசெய்தான். ஒருநாட் போரில் தரத் தவறியதை, முதல் அழியாத அறக்கட்டளையால் நாள்தோறும் தர முயன்றான் எனலாம். சாவா மூவாப் பேராடும் முதல் அழியாப் பொன்னும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள். சதுரானன பண்டிதர் என்னும் பெயர் அம்மடத் தலைவர்க்குப் பட்டப்பெயராய் நிலைத்தது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அப்பெயர் தாங்கிய ஒருவர் விருப்பால், இரவி என்னும் வீரசோழத் தச்சன் இக்கோயிலின் கருவறையைத் தூங்கானை மாட வடிவில் கல்லால் எடுத்தான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: நிரைகாவலில் தன்னை மெய்ப்பித்த இளைஞனைத் தமிழ்க் கற்கள் வெற்றியால் அளக்கவில்லை, நிலைத்து நின்றமையால் அளந்தன. அவ்வாறு நிற்றல் மேற்குப் புலத்தில் ஒருநாட் குருதியாகவும், கீழ்க்கடலோரத்தில் நாள்தோறும் அளந்த நெய்யாகவும் வெளிப்பட்டது. இரண்டிற்கும் இடையே நின்று வருந்திய உள்ளத்தை வல்லபன் கல்வெட்டு காட்டுகின்றது.

நம் ஆராய்ச்சியாளர் முதல்வகைக் கற்களை வீரயுகத்தின் சான்றுகள் எனப் போற்றி, இரண்டாம் வகையைப் பொருளாதாரக் குறிப்புகள் என ஒதுக்கிப் படிப்பது வழக்கமாகிவிட்டது. அது பொருந்துமாறில்லை. கருந்தேவக்கத்தி அன்றிரவு பிழைத்திருந்தால் மறுநாள் காலையில் அவனும் எருமைகளை எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டியவனே. மன்றாடியின் தொழுவத்திற்குக் கள்வர் வந்திருப்பின் அவனும் கோல் கொண்டு எழுந்திருப்பவனே. இருவரும் ஒரே மரபினர். ஒருவன் பெயரைக் கல் உரக்கக் கூறிற்று; மற்றவன் பெயரைக் கணக்கினிடையே வைத்தது. அவ்வளவே வேற்றுமை.

நடுகற்கள் பல இன்றும் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் காப்பின்றிக் கிடக்கின்றன. சில வேடியப்பன் என்னும் பெயரால் வழிபாடு பெற்று உய்ந்துள்ளன. கோயிற் சுவர்க் கல்வெட்டுகளோ சுண்ணாம்புப் பூச்சாலும் திருப்பணியாலும் ஆங்காங்கே மங்கி வருகின்றன. திருவொற்றியூர்க் கோயிலின் சுவரோரம் நின்று கேட்டால் சரக்குந்துகளின் ஓசையே இன்று மிகுதி. ஆயினும் அச்சுவரில், பிறர் பொருளைத் தன் உயிர்போல் எண்ணிக் காத்த எளியோரின் கணக்கு இன்னும் எஞ்சியுள்ளது. அதனையும் வீரத்தின் வரலாறாகவே படித்தல் நம் கடன் ஆகும்.